அக்காவின் தட்டில் முட்டையைத் திரும்ப வையுங்கள்

கேள்வி: என் அக்காவுக்கு 47 வயது. போன வருடம் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 '2+', அப்புறம் ஃபிஷ் டெஸ்டில் பாசிட்டிவ் என்று இருக்கிறது. இப்போது 21 நாளுக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஊசி, தினமும் டமாக்சிஃபென் மாத்திரை. செல்கள் சுரக்கும் புரதங்களும் அவை கொடுக்கும் சிக்னல்களும்தான் இந்த நோயை வளர்க்கின்றன என்று டாக்டர் சொன்னாராம். அதிலிருந்து அக்கா முட்டை, பருப்பு, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். "புரதம்தானே அதுக்குத் தீனி" என்கிறாள். கஞ்சியும் ரசம் சாதமும்தான். 6 கிலோ இளைத்துவிட்டாள். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, எதற்கு இத்தனை மாதம் ஊசி, இத்தனை வருடம் மாத்திரை? வீட்டு விசேஷத்தால் போன ஊசியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம், அது தப்பா? மார்பில் வந்த நோய்க்கு எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ? அந்தப் புரதங்களை ரத்தத்தில் அளந்து பார்க்க முடியாதா? எனக்கும் வருமா?

பதில்: முதலில் சாப்பாட்டு விஷயத்தைப் பேசிவிடுவோம், மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. அக்கா இன்றைக்கே முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் சொன்ன புரதம் வேறு, தட்டில் இருக்கும் புரதம் வேறு. நாம் சாப்பிடும் முட்டைப் புரதம் வயிற்றிலும் குடலிலும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்துக்குள் போகிறது. முழுப் புரதமாக உள்ளே போய் எந்த செல்லுக்கும் "வளர்" என்று உத்தரவு போடும் நிலையில் அது இருக்காது. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினும் ஒரு புரதம்தான். அதை விழுங்கினால் வயிறு செரித்துவிடும் என்பதால்தானே ஊசியாகப் போடுகிறோம். அதற்கும் மேலே ஒன்று சொல்கிறேன், இதை அக்காவிடம் அப்படியே சொல்லுங்கள்: அவருக்கு 21 நாளுக்கு ஒருமுறை ஏறுகிற டிராஸ்டுசுமாப் மருந்தே ஒரு புரதம்தான். அதனால்தான் அது மாத்திரையாக வருவதில்லை.

உணவில் புரதத்தை நிறுத்தினால் புற்றுநோய் செல் பட்டினி கிடக்காது. உடம்பு தன் தசையைக் கரைத்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளும். அக்காவிடமிருந்து போன 6 கிலோவில் கணிசமான பங்கு தசையாகத்தான் இருக்கும், அதுதான் எனக்குக் கவலை. கீமோவும் ரேடியேஷனும் முடித்த உடம்பு ரத்த அணுக்களையும் தோலையும் குடல் உறையையும் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கெல்லாம் புரதம் வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் என்பதுதான் வழிகாட்டுதல். 55 கிலோ எடை என்றால் 55 முதல் சுமார் 82 கிராம் வரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கஞ்சியையும் ரசம் சாதத்தையும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எட்டவே முடியாது. (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.) இன்னொன்று, ஊசி மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 6 கிலோ குறைந்ததை அடுத்த முறை போகும்போது அவர்களாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல் நீங்களே சொல்லுங்கள்.

சரி, டாக்டர் சொன்னது என்ன? அவர் சொன்னது உண்மைதான். அரைகுறையாகப் புரிந்ததால் வந்த பயம் இது, முழுதாகப் புரிந்தால் ஊசியும் மாத்திரையும் எதற்கு என்பதும் சேர்ந்தே புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பில் எந்த செல்லும் தானாக முடிவெடுத்துப் பெருகுவதில்லை. பெருகு, நில், இடம் மாறு, செத்துப் போ என்று பக்கத்து செல்களிடமிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தகவல்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னப் புரதங்கள். ஒரு செல் அதைச் சுரந்து வெளியே விடும், இன்னொரு செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஸ்டான்லி கோஹன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அரைத்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டபோது, இரண்டு வாரம் போலக் கழித்துத் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன, பல்லும் சீக்கிரம் முளைத்தது. ஏன் என்று விடாமல் தேடிப் போய், அந்தச் சாற்றிலிருந்து 53 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். ஈஜிஎஃப் என்று பெயர், தோல் போன்ற மேலுறைச் செல்களை வளரச் சொல்லும் புரதம். 1986-இல் அவருக்கும், நரம்பு வளர்ச்சிப் புரதத்தைக் கண்ட ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அக்காவின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெர்-2, இந்த ஈஜிஎஃப்-ஐப் பிடிக்கும் ஏற்பியின் நெருங்கிய சொந்தம். ஒரே குடும்பத்தில் மொத்தம் நான்கு ஏற்பிகள், இது இரண்டாவது.

மார்பகத்தில் இந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாக இருக்கும் விஷயம். பெண்ணுக்குப் பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் சுரந்து மார்பகம் வளர்கிறது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் செல்கள், நோயில்லாத மார்பகத்தில் பெரும்பாலும் தாங்கள் பெருகுவதில்லை. ஈஸ்ட்ரோஜனைப் பெற்றதும் அவை ஆம்ஃபிரெகுலின் போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அது ஈஜிஎஃப் வகைப் புரதம். அக்கம்பக்கத்தில் இருக்கும் வேறு செல்கள் அதைப் பெற்றுப் பெருகுகின்றன. தகவல் பெறுபவர் ஒருவர், வளர்பவர் இன்னொருவர். நடுவில் இப்படி ஒரு கை மாறுவதால் கட்டுப்பாடு இருக்கிறது. ஈ.ஆர். பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோயில் இந்த ஏற்பாடுதான் உடைகிறது: ஏற்பி உள்ள செல்லே பெருகவும் ஆரம்பித்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்தால் அதுவே கேட்கும், அதுவே வளரும், தான் சுரப்பதைத் தானே பிடித்தும் கொள்ளும். (பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கான ஏற்பி.)

ஹெர்-2 கதை வேறு. ஈஜிஎஃப் ஏற்பிக்கு ஈஜிஎஃப் இருப்பதுபோல ஹெர்-2-க்கு என்று ஒரு சுரப்புப் புரதம் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதன் தம்பி ஹெர்-3-க்கு நியூரெகுலின் என்ற புரதத்தைப் பிடிக்கத் தெரியும், ஆனால் பிடித்த பிறகு செல்லுக்குள் உத்தரவு போடும் வலு ரொம்பக் குறைவு. ஹெர்-2-க்கு அந்த வலு நிறைய. இரண்டும் செல்லின் மேல்தோலில் ஜோடி சேர்ந்தால், அந்தக் குடும்பத்திலேயே பலமான வளர்ச்சி சிக்னல் அதுதான். சாதாரண மார்பகச் செல்லின் மேல் சில பத்தாயிரம் ஹெர்-2 இருக்கும், அக்காவுக்கு வந்த வகைக் கட்டியில் அது பத்து லட்சத்தைத் தாண்டிப் போகலாம். அவ்வளவு நெருக்கடியில் ஏற்பிகள் ஒன்றோடொன்று உரசி, வெளியிலிருந்து எந்தப் புரதமும் வராமலேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. காலிங் பெல் பட்டன் உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்டால், வாசலில் யாரும் இல்லாமலே மணி அடித்துக்கொண்டிருக்குமே, அந்த நிலைமை.

'2+' என்று வந்து அப்புறம் ஃபிஷ் பார்த்தது ஏன் என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் டெஸ்டில் கட்டியின் மெல்லிய சீவலில் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செல்களைச் சுற்றிப் பழுப்புக் கோடு முழுதாக, அழுத்தமாகத் தெரிந்தால் 3+, அங்கேயே முடிவு. 2+ என்றால் கோடு இருக்கிறது, உறுதியாகச் சொல்லும்படி இல்லை. அப்போதுதான் ஃபிஷ். இருட்டில் ஒளிரும் புள்ளிகளாக, ஹெர்-2 மரபணு சிவப்பில், அது இருக்கும் 17-ஆம் குரோமோசோமின் மையம் பச்சையில் தெரியும். ஒருவர் உட்கார்ந்து குறைந்தது 20 செல்களிலாவது புள்ளிகளை எண்ணுவார். இரண்டு பச்சைக்கு இரண்டு சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பத்து, பதினைந்து சிவப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால், மரபணுவே பல பிரதிகள் ஆகிவிட்டது என்று அர்த்தம். அக்காவின் ஃபிஷ் பாசிட்டிவ் என்பது இதுதான். 1987-இல் கலிஃபோர்னியாவில் டெனிஸ் ஸ்லேமனும் கூட்டாளிகளும் 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்து, சுமார் 30 சதவீதத்தில் இப்படி இருப்பதையும், அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதையும் காட்டினார்கள். இன்றைய கணக்கில் அது 15 முதல் 20 சதவீதம். ஒரு காலத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டாக்டர்களே தயங்கித்தான் சொல்வார்கள். 1998-இல், ஹெர்-2-ஐப் பிடித்து அடைக்கும் டிராஸ்டுசுமாப் வந்த பிறகு நிலைமை மாறியது, இன்றைக்கு இந்த வகைக்கு எங்களிடம் நல்ல மருந்துகள் இருக்கின்றன என்று நேராகவே சொல்ல முடிகிறது.

ஏற்பி உத்தரவு போட்டதும் செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, தகவல் கைமாறிக் கைமாறிக் கருவுக்குப் போகிறது. இதில் இரண்டு தடங்கள் முக்கியம். ராஸ் என்ற புரதம் வழியாகப் போவது ஒன்று, "பெருகு" என்பதுதான் அதன் பெரும்பாலான செய்தி. பிஐ3கே, ஏகேடி, எம்டார் வழியாகப் போவது இன்னொன்று, அது "சாகாதே, சத்தை இழுத்துக்கொள்" என்கிறது. கடைசியில் சைக்ளின் டி என்ற புரதம் கூடி, சிடிகே 4, 6 என்ற இரண்டு நொதிகளைக் கிளப்பிவிட்டு, செல் இரண்டாகப் பிரிவதற்கு இருக்கும் பூட்டைத் திறக்கிறது. பால்போசிக்ளிப் மாதிரி மருந்துகள் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கை வைக்கின்றன. ரிப்போர்ட்டில் கி-67 என்று ஒரு சதவீதம் இருந்தால், சீவலில் எத்தனை செல்கள் அந்த நேரத்தில் பெருகும் வேலையில் இருந்தன என்பதுதான் அது.

சுரக்கும் புரதம் ஒன்றே மார்பகத்தில் கட்டியை உண்டாக்கிவிடும் என்பதற்கு எலிகளில் நேரடி ஆதாரமே கிடைத்தது. 1982-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரூல் நுஸ்ஸ, ஹெரால்ட் வார்மஸ் இருவரும் எலிகளுக்கு மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வைரஸ் தன்னிடம் புற்றுநோய் மரபணு எதையும் வைத்திருக்கவில்லை. எலியின் மரபணுக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு மரபணுவை எழுப்பிவிட்டது. அந்த மரபணு செய்தது செல்லுக்கு வெளியே சுரக்கும் ஒரு புரதத்தை. பிற்பாடு வின்ட் என்று பெயர் பெற்ற அது, கருவில் உறுப்புகள் உருவாகும்போது செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் புரதம் என்று தெரிய வந்தது. (இது எலி வைரஸ். மார்பகப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, அக்காவின் தட்டு, துணி எதையும் தனியாக வைக்க வேண்டாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல வீடுகளில் இன்னும் அப்படிச் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.) புற்றுநோய் செல்லிடம் புதிதாக மந்திரம் ஒன்றும் இல்லை. கருவிலும், பருவத்திலும், காயம் ஆறும்போதும் உடம்பு பயன்படுத்துகிற அதே பேச்சைத்தான் அது எடுத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசுகிறது.

அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எலிகளின் மார்பகக் கட்டிகளில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள்: புற்றுநோய் செல் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜ் என்ற பாதுகாப்புச் செல்களைத் தன்னருகே இழுக்கிறது, வந்தவை ஈஜிஎஃப் சுரக்கின்றன, அதைப் பிடித்துக்கொண்டு புற்றுநோய் செல் நகர்ந்து ரத்தக்குழாய்ப் பக்கம் போகிறது. காவலுக்கு வந்தவர்களே வழிகாட்டிகளாகிவிடுகிறார்கள். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமென்றால் புது ரத்தக்குழாய் தேவை, அதற்கு விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. இதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971-இலேயே அமெரிக்க சர்ஜன் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அதை நம்பி பெவாசிசுமாப் என்ற மருந்து வந்தது, 2008-இல் அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்தப் பெண்களின் ஆயுள் கூடவில்லை, ரத்த அழுத்தமும் ரத்தக்கசிவும்தான் கூடின. 2011-இல் மார்பகப் புற்றுக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு புரதம் கட்டி வளரக் காரணம் என்று தெரிவதற்கும், அதைத் தடுத்தால் நோயாளி பிழைப்பார் என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. "இந்தப் புரதத்தைக் குறைக்கும் மூலிகை", "அந்த சிக்னலை நிறுத்தும் பவுடர்" என்று யாராவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத் தட்டில் செல்லைக் கொன்ற பொருட்கள் எத்தனையோ, மனிதர்களைக் காப்பாற்றியவை அதில் மிகச் சில.

இப்போது, கட்டியை எடுத்த பிறகும் ஏன் மருந்து என்ற கேள்வி. சர்ஜன் எடுத்தது கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்ததை. அதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிப் போய் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் உட்கார்ந்திருக்கலாம். எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது. பல வருடம் பெருகாமல் சும்மா கிடக்கும், அப்புறம் அங்கே கிடைக்கும் சிக்னல்களைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். எலும்பில் இது ஒரு சுழலாகவே நடக்கும்: புற்றுநோய் செல் சுரக்கும் ஒரு புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது, எலும்பு கரையும்போது அதற்குள் பொதிந்திருந்த வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வருகின்றன, அவை மறுபடி புற்றுநோய் செல்லையே வளர்க்கின்றன. ஈ.ஆர். பாசிட்டிவ் வகை பத்துப் பதினைந்து வருடம் கழித்துக்கூடத் திரும்பலாம், மாத்திரை வருடக்கணக்கில் நீள்வது அதனால்தான். அந்தச் செல்கள் விழிக்கும் முன் அவற்றுக்குக் கிடைக்கும் சிக்னலை அறுத்துவைப்பதுதான் நோக்கம்.

இது யூகமாகச் சொல்வது இல்லை. 1896-இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், நோய் முற்றிய ஒரு இளம் பெண்ணின் சூலகங்களை எடுத்ததும் மார்புக் கட்டி கரைந்ததை எழுதிவைத்தார். சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்றைச் சுரப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வேலையை இன்று மார்பகச் செல்லின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்து, கத்தியில்லாமல் செய்வது டமாக்சிஃபென், கருத்தடை மருந்து தேடிய இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் 1962-இல் உருவானது. 5 வருடம் விடாமல் எடுத்த ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்களில், மார்பகப் புற்றால் இறப்பது 15 வருடக் கணக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கீமோவோடு டிராஸ்டுசுமாப் சேர்த்ததில் ஹெர்-2 வகைக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன் கிடைத்தது. ஊசிக்கு ஒரு வருடம் என்பது கணக்குப் பார்த்து வைத்ததுதான், இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை.

ஊசி, மாத்திரை இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்றால், போதாது. இந்தத் தடங்கள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும். ஹெர்-2 பலமாக அடித்துக்கொண்டிருந்தால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அதனால் உசுப்பிவிட முடியும். ஹெர்-2-ஐ மட்டும் அடைத்தால் ஈஸ்ட்ரோஜன் வழியாக வேலை நடக்கும். இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும்.

அதனால் ஊசியைத் தள்ளிப்போட்டதைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன்: இனி வேண்டாம். கல்யாணம், திருவிழா எதுவானாலும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும், முதல் ஊசிக்குக் கொடுத்த கூடுதல் அளவை மறுபடி கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. அதைச் சரி செய்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த ஊசிக்கு முன் கேளுங்கள். செலவுதான் காரணமாக இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், 2014-இலிருந்து இந்தியாவிலேயே தயாராகும் டிராஸ்டுசுமாப் விலை குறைவாகக் கிடைக்கிறது, காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

எக்கோ விஷயத்துக்கும் காரணம் இதே சிக்னல்தான். இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் நியூரெகுலினைச் சுரக்கிறது, இதயத் தசைச் செல்கள் ஹெர்-2 உள்ளிட்ட ஏற்பிகள் வழியாக அதைப் பெற்றுத்தான் அன்றாடத் தேய்மானத்தைச் சமாளிக்கின்றன. ஹெர்-2 இதயத்தில் இல்லாதபடி பிறக்க வைத்த எலிகளுக்கு இதயம் வீங்கித் தளர்ந்துபோனது. மார்பகத்துக்காகப் போடும் மருந்து இதயத்திலும் அந்த சிக்னலைக் கொஞ்சம் மங்கச் செய்யும். முன்பு சிவப்பு நிற கீமோ (டாக்சோரூபிசின் வகை) ஏறியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளும் சதவீதம் குறைந்தாலும் ஊசியைச் சில வாரம் நிறுத்தி, தேவைப்பட்டால் இதய மருந்து கொடுத்தால் பொதுவாக ஏறிவிடும். ஆனால் குறைந்ததை நோயாளி உணர்வதற்கு முன் எக்கோதான் காட்டும், அதனால் தவறவிடாதீர்கள். மாடிப்படி ஏறினால் முன்பில்லாத மாதிரி மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்தத்தில் இந்தப் புரதங்களை அளக்கலாமே என்பது புத்திசாலித்தனமான கேள்வி. ஆனால் இவற்றில் பல, சுரந்த இடத்திலிருந்து சில செல் தூரத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடுபவை. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம், அதுவும் காயம் ஆறும் இடத்திலிருந்தும், கல்லீரலிலிருந்தும், ரத்தத்தட்டுகளிலிருந்தும் வருவதோடு சேர்ந்துதான் கலக்கும். அளந்தாலும் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. சிஏ 15-3 என்று ஒரு டெஸ்ட் உண்டு, நோய் பரவிய நிலையில் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க உதவும். அறிகுறி எதுவும் இல்லாத அக்கா மாதிரியானவருக்கு அதை மாதாமாதம் எடுத்து எண் ஏறியது இறங்கியது என்று தூக்கம் கெடுவதில் பலன் இல்லை. அவருக்கு வேண்டியது டாக்டரின் நேரடிப் பரிசோதனையும் வருடம் ஒருமுறை மேமோகிராமும்.

உணவில் எதைத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டால், எடையை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் தயாராகிறது, கூடவே இன்சுலினும் ஏறும், இரண்டுமே இந்த செல்களுக்குப் பிடித்தவை. அக்காவுக்கு இப்போது இளைத்ததுதான் பிரச்சினை, ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் இது தலைகீழாக மாறிவிடுவதை நிறையப் பார்க்கிறோம். முட்டை, பயறு, மீன், காய்கறி, தினமும் வேர்க்க ஒரு நடை, அவ்வளவுதான் என் பரிந்துரை. டமாக்சிஃபென் எடுக்கும்போது உடம்பு திடீரென்று தகிப்பது சகஜம். அதற்கோ மனச்சோர்வுக்கோ வேறு யாராவது மாத்திரை எழுதினால், டமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். பராக்சிட்டின், ஃபுளூக்சிட்டின் போன்ற சில மருந்துகள், டமாக்சிஃபென் கல்லீரலில் வீரியமான வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலோ, இப்போதே வழக்கத்துக்கு மாறாக வந்தாலோ உடனே காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

கடைசியாக உங்களைப் பற்றி. ஹெர்-2 மரபணு பல பிரதிகளானது அக்காவின் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம், அது குடும்பத்தில் இறங்கி வருவதில்லை. ஆனால் உடன்பிறந்தவருக்கு மார்பகப் புற்று வந்திருப்பதால் உங்களுக்கான வாய்ப்பு சராசரியைவிடச் சுமார் இரண்டு மடங்கு. 40 வயதாகியிருந்தால் வருடந்தோறும் மேமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆகவில்லையென்றால் எப்போது தொடங்குவது என்று ஒரு டாக்டரிடம் கேளுங்கள். அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் குடும்பத்தில் இறங்கி வரும் மார்பக, சூலகப் புற்றுக்கான பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றி அவருடைய டாக்டரிடம் கேட்பது நல்லது. அதை முதலில் அக்காவுக்குத்தான் செய்ய வேண்டும், அவருக்கு இருந்தால்தான் உங்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம். போகும்போது அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு மார்பகம், சூலகம், கணையம், புராஸ்டேட் புற்று வந்தது, எந்த வயதில் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அப்பா வழி அத்தைகளை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.